நெகட்டிவ்னு சொன்னதும் முகம் வாடிப்போன ஆளு

புதுசா கவுன்சிலரா சேந்திருக்கிற உங்களுக்கு முதல்ல ஒரு உண்மையச் சொல்லிடறேன். போன வாரம் மன்னார்புரம் ட்ரெயினிங்ல என்னை ‘பணி ஓய்வு பெற்றவர்’னு சொல்லி மேடை ஏத்தினாங்கள்ல? ஐம்பத்தி மூணு வயசுல யாருங்க ஓய்வு பெறுவா. கான்ட்ராக்ட் முடிஞ்சுது. நீட்டிச்சுக் குடுங்கன்னு நானும் கேக்கல, நீட்டிக்கிறோம்னு அவங்களும் சொல்லல. ரெண்டு பக்கமும் அசதி. அதுக்கு ஒரு சால்வை போத்தினா பணி ஓய்வு.

அன்னிக்கு எனக்குக் குடுத்தது அரை மணி நேரம். பாதி மைக்கை சரி பண்றதுலயே போச்சு. மீதியில வழக்கம்போல ஜோக் அடிச்சுட்டு, வழக்கம்போல நானே சிரிச்சுட்டு எறங்கிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லல. அதான் ஒக்காந்து எழுதறேன்.

நான் இருந்த ரூமு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, நீள வராண்டாவோட கடைசி. பால்வினை நோய்ப் பிரிவுன்னு போர்டு. பக்கத்து ரூமு எக்ஸ்ரே. நம்மகிட்ட வர்ற ஆளு போர்டைப் பாத்ததும் நேரா எக்ஸ்ரே க்யூவுல போய் நின்னுக்குவாரு. வராண்டா காலியாற வரைக்கும் நிப்பாரு. எலும்புல ஒரு குறையும் இல்லாதவங்க அத்தனை பேரு அந்த க்யூவுல நின்னு நான் பாத்திருக்கேன். போய்த் தோளத் தட்டிக் கூப்பிடக் கூடாது. நம்மளும் தண்ணி குடிக்கப் போற மாதிரி ஒரு நடை நடந்துட்டு, கதவைத் தொறந்து வச்சுட்டு வந்து ஒக்காரணும். அவரா வருவாரு. இதெல்லாம் உங்களுக்கு ஒரு மாசத்துல பழகிடும்.

பழகாத ஒண்ணு இருக்கு. நமக்குக் கேக்கச் சொல்லிக் குடுத்த கேள்வி எல்லாமே ஆபத்தப் பத்தினது. யாரோட இருந்தீங்க, ஆணுறை போட்டீங்களா, புண்ணு இருக்கா, சீழ் வருதா. எல்லாத்துக்கும் இல்லைன்னு பதில் வந்து ரத்தமும் நெகட்டிவ்னு வந்துட்டா நமக்கு அப்பாடான்னு இருக்கும். கையக் குலுக்கி அனுப்பி வச்சுடுவோம். நெகட்டிவ்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம் பண்ணிக்கிறது நம்ம தொழில்ல இருக்கறவங்க மட்டும் பண்ற தப்பு. மளிகைக் கடைக்காரர் பண்ண மாட்டாரு. அவரு மூஞ்சியப் பாத்தே ‘என்னங்க, ஒடம்பு சரியில்லையா’ன்னு கேட்டுடுவாரு.

பாஸ்கர்னு வச்சுக்கங்க, பேரை மாத்திட்டேன். கைலாசபுரத்துல பொறந்து வளந்த ஆளு, அந்தப் பக்கமே ஒரு சின்னப் பட்டறையில ஃபிட்டர். முப்பதுகள்ல இருப்பாரு, நல்ல தேகம். உறையூர்ல ஒரு போர்ஷன் எடுத்து இன்னொருத்தரோட இருந்தாரு. வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ், வாடகையப் பிரிச்சுக்கிறாங்க. எங்கிட்ட மட்டும் முதல் நாளே சொல்லிட்டாரு. “நாங்க ஒண்ணா வாழறோம் சார். வேற யார்கிட்டயும் நான் போறதில்ல.” அவரு வாயில அந்த நண்பருக்குப் பேரு கிடையாது. அவன் சாப்பிட்டான், அவன் வந்தான், அவ்ளோதான்.

வேற யார்கிட்டயும் போகாத ஆளு, கொஞ்ச மாசத்துக்கு ஒரு தடவை ஹெச்.ஐ.வி. டெஸ்டுக்கு வந்துக்கிட்டே இருந்தாரு. நான் பயந்த சுபாவம்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் நெகட்டிவ். ஒரு நாள் ரிப்போர்ட்டக் குடுத்துட்டு, “எல்லாம் நல்லா இருக்கு. ஸ்வீட் வாங்கிட்டு வந்தீங்களா?”ன்னு கேட்டேன்.

சிரிக்கல. என் ஜோக்குக்கு ஜனம் சிரிக்காம இருக்கறது எனக்குப் புதுசு இல்ல, வீட்லயே அதான் நெலம. ஆனா இவரு மூஞ்சி வாடிப்போச்சு. நெகட்டிவ்னு கேட்டு அழுதவங்களப் பாத்திருக்கேன், கால்ல விழ வந்தவங்களப் பாத்திருக்கேன். வாடிப்போனவங்களப் பாத்ததில்ல.

“ஒக்காருங்க பாஸ்கர். வேற ஏதோ எதிர்பாத்து வந்த மாதிரி இருக்கே?”

“ஏதாவது நோய் இருக்குன்னு வந்தா, அதனாலதான் இப்படின்னு ஒரு காரணம் கெடைக்கும்ல சார்.”

“எதுக்குக் காரணம்?”

ரிப்போர்ட்ட மடிச்சு சட்டைப் பையில வச்சாரு. மேல ஃபேன் கடகடன்னு சுத்துது. கேள்வித்தாளப் பொரட்டிப் பாத்தேன், அதுல எனக்கு உதவி எதுவும் இல்ல. சும்மா வாய்க்கு வந்ததக் கேட்டேன்.

“எங்கயாவது வலிக்குதா?”

டேபிள் காலண்டரையே பாத்துக்கிட்டு தலைய ஆட்டினாரு. அப்பறம் சொன்னாரு, காலண்டர்கிட்ட சொல்ற மாதிரி. “அவனோட இருக்கறப்ப. அதுக்கப்பறமும். மறுநாள் காலையில பாத்ரூம் போறப்ப உசுரு போவுது சார்.”

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப்போக சரியாயிடும்னு ஃபோன்ல போட்டிருந்துச்சு. போகப்போக நான்தான் சரியாயிட்டேன். பல்லக் கடிச்சுக்குவேன்.”

வலி மரத்துப்போற க்ரீம் வாங்கித் தடவிப் பாத்திருக்காரு. கொழந்தை அழுவுதுன்னு வாயப் பொத்தற வேலை அது. வலி தெரியாததால காயம் பெருசாச்சு. தேங்காயெண்ணெய் போட்டுப் பாத்திருக்காரு. எண்ணெய் பட்டா ஆணுறை தாங்காது, பிஞ்சுடும்னு அவருக்கு யாரும் சொல்லல. அதுக்குன்னு தண்ணியில கரையற ஜெல்லு நம்ம ரூமு அலமாரியிலயே சும்மா கெடந்துச்சு. கேட்டாத்தானே குடுப்போம். அப்பறம் செவுத்துல பெயின்ட்ல எழுதியிருப்பாங்களே, மூலம் பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமன்னு, அந்த மாதிரி ஒரு எடத்துக்குப் போயிருக்காரு. அவரு என்னன்னு சொல்லுவாரு? மூலம்னு சொல்லியிருக்காரு. அவங்களும் சரியாப் பாக்காம மூலம்தான்னு பொடி குடுத்திருக்காங்க. பொடி கேக்கலன்னதும் ஊசி போட்டுக் கருக்கிடலாம், திங்கட்கிழமை வாங்கன்னிருக்காங்க.

“போகப் போறீங்களா?”

“லீவு சொல்லிட்டேன் சார்.”

இல்லாத மூலத்தைக் கருக்கிக்க லீவு போட்ட ஆளு எதிர்ல ஒக்காந்திருக்காரு. நான் ஃபோன எடுத்து அடுத்த பில்டிங்ல இருந்த சர்ஜரி டாக்டரம்மாவக் கூப்பிட்டேன். அவங்க பேரு வேண்டாம், போட்டா அவங்களுக்குப் புடிக்காது. விஷயத்தச் சொல்லிட்டு, “மேடம், எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, கூச்சப்படறாரு”ன்னேன். பெரிய மனுஷன் மாதிரி.

“கேப்பேன்”னாங்க. “கேக்காம எப்படி வைத்தியம் பாக்கறது? கேக்கறப்ப மூஞ்சிய மாத்த மாட்டேன். அத மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்புங்க.”

நான் இத்தன வருஷத்துல வாங்கின ட்ரெயினிங் சர்டிபிகேட் எல்லாம் ஒரு பையில இருக்கு. அதையெல்லாம் விட இந்த ஒரு வரி எனக்கு ஒதவிச்சு. கேக்காம விடறது மரியாதைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க.

மேடம் பாத்தாங்க. மூலமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆசனவாய்ல ஒரு வெடிப்பு. ஆறவிடாம ஆறவிடாம பழசாயிருக்கு. வலிக்குமேங்கற பயத்துல அந்த எடமே இறுகிக்குது, இறுகினா இன்னும் வலிக்குது. ரத்த டெஸ்ட் மட்டும் போதாதுன்னு அந்த எடத்துலயும் பஞ்சு வச்சுத் தொடச்சு லேபுக்கு அனுப்பினாங்க. வேற கிருமி இல்ல. ஊசி வேண்டாம். மருந்து, வெந்நீர், நார்ச்சத்துள்ள சாப்பாடு. ஆறிப்போச்சுன்னு அவங்க சொல்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

திரும்பி வந்து எங்கிட்ட ஒக்காந்தாரு. “மத்ததெல்லாம் சரி சார். கடைசியா சொன்னாங்களே, அதை எப்படி அவன்கிட்ட சொல்றது?”

“சொன்னபடியே சொல்லுங்க. காயம் இருக்கு, ஆறணும்னு.”

“அவனுக்கு வீட்ல பொண்ணு பாக்கறாங்க சார். அவனோடது ஸ்ரீரங்கத்துக் குடும்பம். தெனம் ஃபோன் வருது. அவன் தட்டிக் கழிச்சுக்கிட்டிருக்கான். இந்த நேரத்துல நான் போயி, என்னால இதுகூட முடியலன்னு சொன்னா, அவன் எதுக்காக இருப்பான்?”

“அதுக்காக மட்டும்தான் இருக்காரா?”

“தெரியல. கேக்க பயமா இருக்கு.” அப்பறம் அவரே சொன்னாரு, “இப்ப அவனுக்கு கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்கு. வண்டியில விழுந்துட்டான். காலையில சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன். அப்ப நல்லாத்தான் இருப்போம். ராத்திரி ஆனா நைட் ஷிஃப்ட்னு கெளம்பிடறேன்.”

“எங்க போவீங்க?”

“பட்டறையிலயே படுத்துக்குவேன்.”

சொல்லுங்க சொல்லுங்கன்னு அனுப்பி வச்சேன். சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

ரெண்டு வாரம் போயிருக்கும். எக்ஸ்ரே க்யூவுல ஒருத்தர் நிக்கறாரு. கையில மாவுக்கட்டு. சரி, இவரு நெஜமாவே எக்ஸ்ரேவுக்கு வந்தவருன்னு நான் கண்டுக்கல. க்யூ தீந்ததும் நம்ம ரூமுக்குள்ள வந்துட்டாரு. வரதன்னு வச்சுப்போம். ஸ்ரீரங்கத்துல ஜெராக்ஸ் கடை. ஆத்துல அண்ணா குடும்பம் இருக்கறதால எடம் போறல, அதனால வெளிய ரூம் எடுத்திருக்கேன்னாரு.

“நேக்கு டெஸ்ட் எடுக்கணும் சார். எல்லா டெஸ்டும்.”

“எடுத்துடலாம். என்ன சந்தேகம்?”

“என்னோட இருக்கறவன் வேற எங்கயோ போறான்னு தோணறது. தெனம் நைட் ஷிஃப்ட்ங்கறான். பட்டறையில கேட்டேன், இப்ப நைட் ஷிஃப்டே கெடயாதாம்.” மாவுக்கட்டுக் கையத் தூக்கிக் காட்டினாரு. “காலையில இதோ, இந்தப் பட்டன் எல்லாம் அவன்தான் போட்டு விடறான். குழந்தைக்குப் போடற மாதிரி. ராத்திரி கிட்டப் போனா, நெருப்பக் கண்ட மாதிரி ஓடறான்.”

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில இந்தப் பட்டன் கதைய மறுபக்கத்துலேருந்து கேட்டிருக்கேன்.

“ஆத்துல கும்பகோணத்துல ஒரு பொண்ணு பாத்திருக்கா. ஞாயித்துக்கெழமை போகணும். இத்தன நாள் வேண்டாம்னுண்டிருந்தேன். இந்த வாட்டி சரின்னுடலாம்னு இருக்கேன் சார். யாருக்காக வேண்டாங்கணும்?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘அவரு வேற எங்கயும் போகல, அவருக்குக் காயம்.’ இதச் சொன்னா கும்பகோணத்துல பேரு தெரியாத ஒரு பொண்ணு தப்பிக்கும், உறையூர்ல ஒரு வீடு தப்பிக்கும். சொல்லிட்டா இந்த ரூம்ல சொன்னது இன்னொருத்தருக்குப் போவும்னு ஆயிடும். அப்பறம் எக்ஸ்ரே க்யூவுல நிக்கற எவனும் உள்ள வரமாட்டான். இது உங்களுக்குப் பரீட்சையில வந்தா நாலு வரி எழுதி மார்க் வாங்கிடுவீங்க. எதிர்ல ஆளு ஒக்காந்திருக்கறப்ப எழுதிப் பாருங்க.

“அவன் பேரு பாஸ்கர். இங்க வந்திருக்கானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ சார்.”

“வந்தவங்க பேர நான் என் பொண்டாட்டிகிட்டயே சொல்றதில்லைங்க. அவங்க கேக்கறதும் இல்ல, அது வேற விஷயம். உங்களப் பத்தி நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டாலும் இதே பதில்தான்.”

முறைச்சாரு. நான் கேள்வித்தாள எடுத்து வரிசையாக் கேட்டேன். ஆணுறை, புண்ணு, சீழ். பாஸ்கர் விஷயத்துக்கப்பறம் அந்தத் தாளோட அடியில பேனாவால ஒண்ணு எழுதி வச்சிருந்தேன், வர்ற எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருந்தேன். அவரையும் கேட்டேன். அவரப் பத்தி மட்டும்.

“உங்களுக்கு, ஒண்ணா இருக்கறப்ப வலி ஏதாவது உண்டா?”

“நேக்கா? இல்லையே.”

அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அவரு போகல. அந்தக் கேள்வியிலயே நின்னுட்டாரு. “சார், அது வலிக்குமா?”ன்னாரு.

“சிலருக்கு, சில நேரம். வலிக்கணும்னு ஒண்ணும் இல்ல. வலிச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், வைத்தியமும் இருக்கும்.”

“சொல்லுவாளோ? வலிக்கறவா?”

“பாதிப் பேரு சொல்றதில்ல.”

எந்திரிச்சாரு. ரத்தம் எடுத்துட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம போயிட்டாரு. நான் வரம்பத் தாண்டினேனா இல்லையான்னு இன்னிக்கும் எனக்குச் சரியாத் தெரியாது. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வியத்தான் கேட்டேன். ஆனா அவரக் கேக்கறப்ப மட்டும் எனக்கு வேர்த்துச்சு.

அடுத்த வாரம் பாஸ்கர் டாக்டரம்மாகிட்ட திரும்பக் காட்டற நாளு. காட்டிட்டு நம்ம ரூமுக்கு வர்றது வழக்கம். கதவத் தொறக்கறேன், பெஞ்சுல ரெண்டு பேரும். நடுவுல ஒரு ஆள் ஒக்கார்ற எடம் விட்டு.

“நீ எதுக்குடா இங்க வந்த?” வரதன் கேக்கறாரு.

“நீ எதுக்கு வந்த?”

“டெஸ்ட் எடுத்தேன். ரிப்போர்ட் வாங்கல. வாங்கிண்டு போலாம்னு.”

“எனக்குத் தெரியாம எடுத்தியா?”

“நீ மட்டும்?”

பாஸ்கர் தரையப் பாக்கறாரு. வரதன் கொரலத் தாழ்த்திக்கிட்டாரு. “வேற யாராவது இருந்தா சொல்லிடு. கத்த மாட்டேன். நேக்குத் தெரியணும், அவ்ளோதான்.”

“யாரும் இல்ல.”

“அப்பறம் ஏன் ஓடற?”

நான் கதவுல கைய வச்சுக்கிட்டு நிக்கறேன். உள்ள வாங்கன்னு கூப்பிட்டு, ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு, நாலு நல்ல வார்த்தை சொல்லி, நானே முடிச்சு வைக்கலாம். வாய் துறுதுறுங்குது. இந்தத் தொழில்ல நான் பண்ணின புத்திசாலித்தனமான காரியம் ரொம்ப இல்ல. இருக்கற கொஞ்சத்துல இது ஒண்ணு, கதவைப் பாதி சாத்திட்டு உள்ள போய் ஒக்காந்துட்டேன். ஒட்டுக் கேக்கலன்னு சொல்லமாட்டேன். பாதிக் கதவு.

“வலிக்குதுடா”ன்னாரு பாஸ்கர்.

வராண்டாவுல ஒரு ஸ்ட்ரெச்சர் போற சத்தம்.

“எப்பலேருந்து?”

“ரொம்ப நாளா.”

“போன தீபாவளிக்கு?”

“அப்பவும்.”

“சிரிச்சியேடா.”

“சிரிச்சேன்.”

நான் என்ன எதிர்பாத்தேன்னா, வரதன் உருகிப் போயிடுவாரு, கையப் புடிச்சுப்பாரு, நான் போய் டீ சொல்லணும். வரதனுக்குக் கோவம் வந்துடுச்சு.

“அப்ப நான் யாருடா? இத்தன நாளா நேக்கே தெரியாம என் கையாலயே உன்னை அடிக்க வச்சிருக்க. ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தியிருக்க மாட்டேனா? நிறுத்த மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியா? அப்படிப்பட்டவன்னா என்னை நெனச்சுண்டு பக்கத்துல படுத்துண்டிருந்த?”

“போயிடுவியோன்னு பயம்.”

“போகத்தான் போறேன் இப்ப.”

போகல. செருப்புச் சத்தம் ரெண்டு அடி கேட்டுச்சு, நின்னுச்சு. அப்பறம் என் கதவு முழுசாத் தொறந்துச்சு. வரதன் முன்னாடி, பாஸ்கர் பின்னாடி. ஒருத்தர ஒருத்தர் பாக்காம ரெண்டு நாற்காலியில ஒக்காந்தாங்க.

இத்தன வருஷத்துல வலிக்கிறவங்க என்கிட்ட வந்து கேள்வி கேட்டிருக்காங்க. கூட இருக்கறவரு வந்து கேட்டது அன்னிக்குத்தான்.

“நான் என்ன சார் பண்ணணும்?”

“இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாதீங்க”ன்னேன். “அதான் வைத்தியம். ஆறினப்பறம் அவரு வேணும்னு சொன்னா, அவசரம் இல்லாம, ஜெல்லு போட்டு. வலிச்சா அந்த நிமிஷம் நிறுத்திடணும். அவருக்கு அது வேண்டவே வேண்டாம்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகல. சேந்து இருக்கறதுக்கு அது ஒண்ணுதான் வழின்னு யாரும் சட்டம் போடல.”

“ஒண்ணும் கெட்டுப் போகலயா?”ன்னு பாஸ்கர் கேட்டாரு. எங்கிட்ட இல்ல.

வரதன் மாவுக்கட்டுக் கைய மடியில எடுத்து வச்சுக்கிட்டாரு. “கும்பகோணம் போகல நான்”னாரு. “போன ஞாயித்துக்கெழமை. வயித்து வலின்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் என்ன சொல்றதுன்னு தெரியல.”

எனக்கும் தெரியலன்னேன். அப்பா அம்மாகிட்ட என்ன சொல்றதுங்கறதுக்கு என் அலமாரியில ஜெல்லு கிடையாது. அதப் பத்திப் பேச இன்னொரு நாள் வரச்சொன்னேன். பெரிய நம்பிக்கையோட சொல்லல. மணி ஒண்ணாயிடுச்சு, எனக்குப் பசி, வெளியில எக்ஸ்ரே க்யூவுல மூணு பேரு நிக்கறது தெரியுது.

எந்திரிச்சாங்க. வரதன் கதவுகிட்ட நின்னு, பாஸ்கர் பக்கம் திரும்பாமயே கேட்டாரு.

“ராத்திரி ஷிஃப்டா?”

“இல்ல.”

“அப்ப வா. மாவு ரெண்டு நாளா புளிச்சுண்டிருக்கு. ஒத்தக் கையால நேக்கு தோசை வார்க்க வரல.”